ஸ்பானிஷ் உச்சரிப்பு வேறுபாடுகள்: வகுப்பில் எதைச் சொல்லிக்கொடுப்பது, எப்படி ஆராய்வது?

வடபழனி வாத்தியார்

வணக்கம். சென்னையில் ஸ்பானிஷ் வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் ஐடி, பிபிஓ வேலைக்காகப் படிக்கிறவர்கள். பாடப்புத்தகமும் அதோடு வரும் ஆடியோவும் ஸ்பெயினில் தயாரானவை. பி1 (ஐரோப்பிய மொழித்தர அளவில் இடைநிலை) முடித்த பிள்ளைகள் அந்த ஆடியோவைக் கேட்டு ஒரு சொல் விடாமல் எழுதித் தருகிறார்கள். வேலைக்குப் போய் ஹெட்செட்டை மாட்டி, எதிர்முனையில் ஒரு டொமினிக்கன் குரல் வந்தால் கையைப் பிசைகிறார்கள். "சார், அது ஸ்பானிஷே இல்லை" என்று ஒரு பையன் சாதித்தான்.

நானும் ‘எந்த நாட்டில் எப்படி’ என்று ஓர் அட்டவணை போட்டுக் கொடுத்துப் பார்த்தேன். மனப்பாடம் செய்கிறார்கள், காதில் ஏறவில்லை. வகுப்பில் இந்த வேறுபாடுகளை எந்தக் கட்டத்தில், எந்த வரிசையில் கொண்டுவருவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். என்னிடம் படித்த ஒரு பெண் எம்.ஏ. ஆய்வுக்கு இதையே எடுக்க நினைக்கிறார். அவரையும் இங்கே எழுதச் சொல்கிறேன்.

மொழிப்பித்தன்

வாத்தியாரே, கோளாறு அந்த அட்டவணையில்தான். நாட்டுக்கு ஒரு கட்டம் போட்டால் கொலம்பியா கட்டத்தில் என்ன எழுதுவீர்கள்? மலைமேல் இருக்கும் போகோத்தாக்காரர் சொல் இறுதி ‘ஸ்’ஸைத் தெளிவாகச் சொல்வார். கரீபியக் கடலோரத்தில் இருக்கும் கார்த்தஹேனாக்காரர் அதை ‘ஹ்’ ஆக்குவார் அல்லது விழுங்கிவிடுவார். எக்குவடோரில் மலைமேல் இருக்கும் கீத்தோவும் துறைமுகமான குவயாக்கீலும் அப்படியே. மெக்ஸிகோவில் தலைநகரம் ஒரு விதம், வெராக்ரூஸ் துறைமுகம் வேறு விதம்.

நாட்டு எல்லையை விட மேட்டுநிலம், கடலோரம் என்ற பிரிவு நிறைய விஷயத்தை விளக்கும். வெனிசுவேலாவில் பணியாற்றிய ஆங்ஹெல் ரோசென்ப்ளாத் என்ற மொழியறிஞர் இதைக் கேலியாகச் சொல்லி வைத்தார்: மேட்டுநிலத்தார் உயிரெழுத்தைத் தின்கிறார்கள், தாழ்நிலத்தார் மெய்யெழுத்தைத் தின்கிறார்கள் என்று. மெக்ஸிகோ நகரத்தில் ‘புவேஸ்’ (‘சரி’, ‘அப்போ’ மாதிரி) பல நேரம் ‘ப்ஸ்’ என்றுதான் காதில் விழும். ஹவானாவில் உயிரெல்லாம் முழுசாக இருக்கும், ‘ஸ்’ காணாமல் போயிருக்கும். செவில்லாவிலிருந்தும் கானரித் தீவுகளிலிருந்தும் போன கப்பல்கள் தொடர்ந்து வந்து நின்ற துறைமுகங்களில் தென் ஸ்பெயினின் பேச்சு ஊறியது, உள்நாட்டு மலைத் தலைநகரங்களில் அரசு அதிகாரிகளின் பேச்சு தங்கியது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது, ஆனால் தொடங்க நல்ல பிடி.

இன்னொன்று, இதுதான் அதைவிட முக்கியம். அதே கார்த்தஹேனாக்காரர் ஒரே வாக்கியத்தில் ஒரு ‘ஸ்’ஸைச் சொல்வார், அடுத்ததை ‘ஹ்’ ஆக்குவார், மூன்றாவதை விட்டுவிடுவார். அட்டவணை ‘உண்டு, இல்லை’ என்று பேசுகிறது. உண்மையில் நடப்பது ‘எவ்வளவு, எங்கே, யாரிடம்’. இதை மாணவருக்குச் சொல்லாமல் விட்டால், ‘கரீபியர்கள் ஸ் சொல்லமாட்டார்கள்’ என்று எழுதி வைத்துக்கொள்வார். அப்புறம் ஒரு கியூபாக்காரர் வானொலியில் அழகாக ‘ஸ்’ சொன்னதும் மறுபடி குழம்புவார்.

ஒரிஜினல் காஸ்தெயானோ

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன், யாரும் கோபிக்க வேண்டாம். ஸ்பெயினில் சாலமான்கா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்து வகுப்பு எடுப்பவன் நான். தொடக்க மாணவருக்கு ஒரு தரமான உச்சரிப்பு வேண்டும். அது வட, மத்திய ஸ்பெயினின் உச்சரிப்பாக இருப்பதில் என்ன தவறு? ‘ஸெட்’ எழுத்துக்கும் ‘இ, எ’க்கு முன் வரும் ‘ஸி’ எழுத்துக்கும் பல்லிடை ஒலி (ஆங்கில ‘திங்க்’கின் முதல் ஒலி), ‘எஸ்’ எழுத்துக்கு ஸகரம். வேட்டையைச் சொல்லும் ‘காஸா’வும் வீட்டைச் சொல்லும் ‘காசா’வும் காதிலேயே பிரிந்துவிடும், எழுத்துப்பிழையும் வராது. செசேயோவில், அதாவது இரண்டையும் ஸகரமாகச் சொல்லும் வழக்கத்தில், வளர்ந்த பிள்ளைகள் எழுத்துக்கூட்டலில் படும் பாடு அந்த நாடுகளின் ஆசிரியர்களைக் கேட்டால் தெரியும்.

‘ஸ்’ஸை விழுங்குவது எல்லாம் சோம்பல் பேச்சு. அதற்கு வகுப்பு நேரத்தைச் செலவழிக்க வேண்டுமா?

செவில்லா மருமகள்

//அதெல்லாம் சோம்பல் பேச்சு//

அண்ணா, என் மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்! ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை அவர். சுத்தமான செவில்லா ஆண்டலூசியன், அதாவது தென் ஸ்பெயின் பேச்சு, பேசுவார்.

சோம்பல் என்றால் ஒலி குறைய மட்டும்தானே வேண்டும்? இங்கே புதிதாக ஓர் ஒலி பிறந்துகொண்டிருக்கிறது. ‘பாஸ்தா’ என்பதை என் மாமியார் ‘பாஹ்தா’ என்பார். அடுத்த தலைமுறையில் அந்த மூச்சு ‘த’வுக்குப் பின்னால் நகர்ந்து ‘பாத்ஹா’ ஆகிவிட்டது. என் நாத்தனார் மகளும் அவள் தோழிகளும் ‘பாத்ஸா’ என்கிறார்கள். முதலில் என் காதில்தான் ஏதோ என்று இருந்தேன். ஒலியியல்காரர்கள் இதை அளந்து எழுதியிருக்கிறார்கள், மேற்கு ஆண்டலூசியாவில் இளையவர்களிடம் பரவும் மாற்றம் இது. ‘ஸ்’ போன இடத்தில் இவ்வளவு வேலை நடக்கிறது.

‘ஆண்டலூசிய உச்சரிப்பு’ என்று ஒன்றும் கிடையாது. செவில்லா நகரத்தில் பெரும்பாலும் செசேயோ, அதாவது இரண்டுக்குமே ஸகரம். சுற்றுக் கிராமங்களிலும் காதிஸ் பக்கத்திலும் பலர் இரண்டையும் பல்லிடை ஒலியாகச் சொல்வார்கள், அதன் பெயர் செசேயோ அல்ல, தெதேயோ. மாலகா, கிரனாதா நகரங்களில் படித்த இளையவர்கள் இரண்டையும் பிரித்துச் சொல்லும் வழக்கத்துக்கு மாறி வருகிறார்கள். கிரனாதா பக்கம் பன்மையின் ‘ஸ்’ போனாலும் அதற்கு முன் உள்ள உயிர் வாயை அகலத் திறந்து ஒலிக்கும், சொல்லுக்குள் இருக்கும் மற்ற உயிரும் சேர்ந்து திறக்கும். ஒருமையா பன்மையா என்று அதிலேயே தெரிந்துவிடும், ஆனால் பழகாத காதுக்கு ஒன்றும் தெரியாது.

மொழிப்பித்தன்

ஒரிஜினல் சார், பல்லிடை ஒலி எழுத்துக்கூட்டலுக்கு உதவும் என்பது நியாயமான வாதம், அதை மறுக்கவில்லை. ஆனால் தாய்மொழியாக ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் ஏறக்குறைய 50 கோடி. ஸ்பெயினின் மொத்த மக்கள்தொகையே 5 கோடியைத் தொடவில்லை, அதிலும் தெற்கிலும் கானரியிலும் பலர் பிரிப்பதில்லை. பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானவர் பேச்சை ‘தரம்’ என்று வைத்து, மீதியை ‘திரிபு’ என்று வைத்தால் கணக்கு இடிக்கிறது.

வரலாறும் அப்படித்தான். இடைக்கால ஸ்பானிஷில் ஸகரச் சாயல் கொண்ட ஒலிகள் ஆறு இருந்தன. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் அவை கலைந்து மறு அடுக்கானபோது வடக்கில் ஒரு கிளை பல்லிடை ஒலியாக முடிந்தது, செவில்லாவில் அது ஸகரத்தோடு கலந்தது. இரண்டுமே மாற்றம்தான். ஏதோ மூலத்திலிருந்து அமெரிக்கக் கண்டம் வழுக்கி விழுந்ததாக நினைப்பது சரியில்லை. கூடவே ஒரு கதையும் உலவுகிறது: திக்குவாய் ராஜா ஒருவர் அப்படிப் பேச, அரசவை அவரைப் பின்பற்றியதாம். அந்தக் கதையில் மாட்டிக்கொள்ளும் காஸ்தில்ய அரசர் முதலாம் பேத்ரோ 1369இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார், மாற்றம் அதற்கு வெகுகாலம் கழித்து. ராஜாவைப் பார்த்துக் கற்றிருந்தால் எல்லா ஸகரமும் அல்லவா மாறியிருக்கும்? ‘காசா’வின் ஸகரம் மாட்ரித்திலும் பத்திரமாக இருக்கிறது. இந்தக் கதையைச் சொல்லும் ஸ்பானிஷ் வகுப்புகள் இன்னும் இருப்பதுதான் வருத்தம்.

கால்சென்டர் கார்த்தி

வாத்தியார் சொன்ன அந்தக் கையைப் பிசையும் கூட்டத்தில் நானும் ஒருவன். இப்போது பரவாயில்லை. புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் சொல்வது: எண்களை முதலில் பழகுங்கள். புவேர்த்தோ ரீக்கோ வாடிக்கையாளர் அட்டை எண்ணை ‘தோ, த்ரே, செய்’ என்று ஓட்டுவார். ‘தோஸ், த்ரேஸ், செய்ஸ்’ என்று காத்திருந்தால் நான்கு எண் போயிருக்கும். ‘செசெந்தா’, ‘செதெந்தா’ (அறுபது, எழுபது) மட்டும் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் திருப்பிக் கேட்டுவிடுங்கள், அவர்களே ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்வார்கள்.

அப்புறம் அசை இறுதியில் வரும் ‘ர்’ பல நேரம் ‘ல்’ ஆகும்: ‘புவெல்தோ ரீக்கோ’. அழுத்தமான ‘ர்ர’வைச் சிலர் தொண்டையிலிருந்து சொல்வார்கள். ‘ரமோன்’ என்ற பெயர் ‘ஹமோன்’ என்று, அதாவது பன்றித்தொடை இறைச்சி போலக் கேட்கும். டொமினிக்கன் குடியரசின் வடக்கே சிபாவோ பகுதிக்காரர் என்றால் ‘போர்க்கே’ (ஏன்) என்பது ‘பொய்க்கே’. கேள்வியின் அமைப்பும் மாறும், ‘கே தூ கியேரெஸ்’ (உனக்கு என்ன வேண்டும்) என்று ‘தூ’வை, அதாவது ‘நீ’யை, வினைக்கு முன்னால் போடுவார்கள். புத்தகத்தில் இதில் ஒன்றுகூட இல்லை.

யாழ் டொரொண்டோ

நான் வேலை செய்யிற இடத்தில் எல் சால்வடோர் ஆட்கள் நிறையப் பேர். அவையள் கதைக்கிறது இன்னொரு மாதிரி. நீங்கள் எல்லாரும் சொல் முடிவில வாற ‘ஸ்’ஸைப் பற்றித்தான் சொல்லுறீங்கள். இவையள் சொல்லுக்கு நடுவிலயும் தொடக்கத்திலயும் கூட மூச்சாக்கிப் போடுவினம். ‘நொசோத்ரோஸ்’ (நாங்கள்) எண்டதை ‘நொஹோத்ரோஸ்’ எண்டு சொல்லுவினம். ஹொண்டூராஸ் ஆட்களும் அப்பிடித்தான். எனக்கு முதலில் ஒண்டும் விளங்கேல்லை. புத்தக ஸ்பானிஷ் தெரியாமல் அவையளிட்டையே நேரடியாப் பழகின என்ர தம்பிக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, அவனுக்கு மாட்ரித் செய்திதான் விளங்காது!

வடபழனி வாத்தியார்

யாழ் நண்பரின் தம்பி கதை யோசிக்க வைக்கிறது.

மொழிப்பித்தன் சொன்ன ‘எங்கே, எவ்வளவு’ என்பதை வகுப்பில் கொண்டுவர ஒரு வழி தோன்றுகிறது, பாருங்கள். ஆண்பாலில் ஒருமை ‘எல் நின்யோ’ (பையன்), பன்மை ‘லோஸ் நின்யோஸ்’. இரண்டு ‘ஸ்’ஸும் போய் ‘லோ நின்யோ’ என்றாலும் அது பன்மை என்று ‘லோ’வே சொல்லிவிடும். பெண்பாலில் அந்த வசதி இல்லை: ‘லா காசா’, ‘லாஸ் காசாஸ்’. ‘ஸ்’ போனால் இரண்டும் ஒன்று. அப்போது வினையைப் பிடிக்க வேண்டும்: ‘எஸ்தா’ (இருக்கிறது) என்றால் ஒருமை, ‘எஸ்தான்’ என்றால் பன்மை. அந்த இறுதி ‘ன்’னும் கரீபியத்தில் ‘ங்’ ஆக ஒலிக்கும், ‘பான்’ ரொட்டி ‘பாங்’ ஆகிற மாதிரி. ஆகவே மாணவருக்குத் தர வேண்டிய பயிற்சி ‘விடுபட்ட ஸ் எங்கே’ என்பதல்ல. பேசுகிறவர் ஒன்றைச் சொல்கிறாரா பலவற்றைச் சொல்கிறாரா, அதை எந்தச் சொல்லிலிருந்து பிடித்தாய் என்று கேட்க வேண்டும். அடுத்த வாரம் பி1 வகுப்பில் இறக்கப் போகிறேன்.

மொழிப்பித்தன்

அருமையான பயிற்சி. ஆனால் அதிலேயே ஒரு பொறி இருக்கிறது. ‘பொருள் குழம்பும் இடத்தில் மக்கள் ஸ்-ஸைக் காப்பாற்றுவார்கள்’ என்று நினைக்கத் தோன்றும். ஷானா பாப்லாக் என்ற மொழியியலாளர் இதைத்தான் பிலடெல்பியாவில் வாழ்ந்த புவேர்த்தோ ரீக்கோ மக்களின் பேச்சில் சோதித்தார், ஆய்வு 1980இல் வந்தது. ‘லாஸ் கோசாஸ் போனீத்தாஸ்’ (அழகான பொருள்கள்) போன்ற தொடரில் மூன்று ‘ஸ்’ இருக்கின்றன. முதல் சொல்லில் போட்டுவிட்டால் அடுத்ததில் தேவையில்லை, முதலில் விட்டிருந்தால் அடுத்ததில் போட்டு ஈடு கட்டுவார்கள் என்பதுதான் எதிர்பார்ப்பு. கிடைத்தது நேர் எதிர். முதலில் போட்டவர் அடுத்ததிலும் போடும் வாய்ப்பு கூடுகிறது. விட்டவர் தொடர்ந்து விடுகிறார். தொடரின் முதல் சொல்லில் ‘ஸ்’ தங்குவது அதிகம் என்பது உண்மை, ஆனால் ‘கேட்பவருக்கு உதவ’ என்ற காரணம் அங்கே பெரிதாக எடுபடவில்லை. கேட்பவர் வினையிலிருந்தும் சூழலிலிருந்தும் எடுத்துக்கொள்கிறார்.

கார்த்தி சொன்ன ‘கே தூ கியேரெஸ்’ விஷயத்திலும் இதே சண்டை. வினையின் ‘ஸ்’ போனதால்தான் கரீபியர்கள் ‘தூ’ என்று வெளிப்படையாகச் சொல்கிறார்கள் என்று ஒரு தரப்பு. அப்படி இல்லை, ‘ஸ்’ போன இடத்தில் ‘தூ’ கூடவில்லை என்று எண்ணிக் காட்டியது இன்னொரு தரப்பு. வகுப்பில் ‘ஈடுகட்டத்தான்’ என்று அடித்துச் சொல்லிவிடாதீர்கள்.

நெல்லைச் சிட்டு

எல்லாருக்கும் வணக்கம். சார் சொன்ன எம்.ஏ. மாணவி நான்தான். என் தலைப்பு ‘கியூபாவிலும் மெக்ஸிகோவிலும் ஸகர உச்சரிப்பு’. யூடியூபில் இரண்டு நாட்டுக்காரர்களின் காணொளிகளை எடுத்து ஒப்பிடலாம் என்று இருக்கிறேன். வழிகாட்டி சரி என்றுவிட்டார். ஆனால் இந்த இழையைப் படித்த பிறகு கொஞ்சம் பயமாக இருக்கிறது.

மொழிப்பித்தன்

பயப்பட ஒன்றுமில்லை தங்கச்சி, ஆனால் தலைப்பைச் சுருக்குங்கள். கியூபாவில் போகும், மெக்ஸிகோ மேட்டுநிலத்தில் தங்கும் என்பது ஏற்கெனவே தெரிந்தது. அதை மறுபடி நிரூபித்து என்ன பயன்? ஒரே ஊர், ஒரே கேள்வி எடுங்கள்.

தரவுக்கு யூடியூப் வேண்டாம். கேமராவைப் பார்த்துப் பேசுகிறவர் யார், எந்த ஊர், எவ்வளவு படித்தவர் என்பது தெரியாது, எழுதி வைத்துப் படிக்கிறாரா என்பதும் தெரியாது. படித்தால் ‘ஸ்’ கூடிவிடும். அல்கலா பல்கலைக்கழகத்திலிருந்து பிரான்சிஸ்கோ மொரேனோ பெர்னாந்தேஸ் ஒருங்கிணைத்த ‘பிரெசேயா’ என்ற திட்டத்தின் தொகுப்பு இணையத்தில் இருக்கிறது. ஸ்பானிஷ் பேசும் நகரங்களில் ஒரே முறையில் எடுத்த நேர்காணல்கள். மூன்று வயதுப் பிரிவு, மூன்று கல்வி நிலை, ஆண், பெண் என்று 18 கட்டங்கள், கட்டத்துக்குக் குறைந்தது மூன்று பேர், ஆக ஊருக்கு 54 பேர். இருந்த இடத்திலிருந்தே வேலை பார்க்கலாம். எந்த ஊருக்கு ஒலிக்கோப்பு கேட்கக் கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு ஊரை முடிவு செய்யுங்கள். கிராமத்துப் பேச்சுதான் வேண்டும் என்றால் இனேஸ் பெர்னாந்தேஸ்-ஓர்தோன்யேஸ் மாட்ரித்தில் நடத்தும் ‘கோசேர்’ தொகுப்பு, அது ஸ்பெயின் கிராமத்து முதியவர்களின் குரல்.

இனி எண்ணும் வேலை. ‘பிராத்’ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் ‘ஸ்’ இருக்கும் இடத்தில் அலைமாலைப் படத்தின் (ஸ்பெக்ட்ரோகிராம்) மேல்பகுதியில், நாலாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே, அடர்த்தியாகக் கறுத்திருக்கும். ‘ஹ்’ என்றால் அந்தக் கறுப்பு மங்கி, பக்கத்து உயிரின் சாயலில் கீழே படர்ந்திருக்கும். விடுபட்டிருந்தால் உயிரிலிருந்து நேராக அடுத்த ஒலி. படத்தை மட்டும் நம்பாதீர்கள், நல்ல ஹெட்போனில் கேட்டு, படத்தில் சரிபார்த்து, இந்த மூன்றில் எது என்று குறியுங்கள். ஒரு பகுதியை வேறொருவரைத் தனியாகக் குறிக்கச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள். ‘ஹ்’ ஒலிக்கும் ஒன்றுமில்லாததற்கும் இடையில்தான் சண்டை வரும்.

ஒவ்வொரு ‘ஸ்’ஸுக்கும் பக்கத்தில் என்ன இருக்கிறது என்றும் எழுத வேண்டும்: அடுத்து மெய்யா, உயிரா, நிறுத்தமா, அடுத்த உயிரில் அழுத்தம் உண்டா, சொல்லுக்குள்ளா இறுதியிலா, பன்மை விகுதியா, வினை விகுதியா, ‘மாஸ்’ (மேலும்), ‘எந்தோன்செஸ்’ (அப்போது) போல சொல்லின் சொந்த உறுப்பா. மெய்க்கு முன் ‘ஹ்’ ஆவது வெகு சாதாரணம். ‘லோஸ் சாபதோஸ்’ மாதிரி ‘ஸ்’ஸுக்குப் பின் இன்னொரு ஸகரம் வந்தால் எது யாருடையது என்று பிரிக்க முடியாது, கணக்கிலிருந்து நீக்குங்கள். ‘லோஸ் ரீக்கோஸ்’ மாதிரி அழுத்தமான ‘ர்ர’ வந்தாலும் நீக்குங்கள், அது பெரும்பாலான ஊர்களில் ‘ஸ்’ஸை விழுங்கிவிடும்.

நேர்காணலின் தொடக்கப் பகுதியையும் விடலாம். கவனிக்கப்படாதபோது மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைக் கவனித்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது என்று சமூக மொழியியலாளர் லபோவ் சொன்ன முடிச்சு இது. ஒலிப்பதிவுக் கருவி எதிரே இருப்பதை மறந்து சொந்தக் கதைக்குள் போன பிறகுதான் பேச்சு இளகும்.

வயதுப் பிரிவில் ஒரு எச்சரிக்கை. இளையவரிடம் ஒரு வடிவம் கூடுதலாக இருந்தால் உடனே ‘மொழி மாறுகிறது’ என்று எழுதத் தோன்றும். ஹென்ரியெட்டா செடர்கிரென் பனாமா நகரில் ‘ச்ச’ ஒலி ‘ஷ’வாக இளகுவதை ஆராய்ந்தார். 1973இல் முதல் முடிவு வந்தது, 1980களில் அதே நகரத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி எண்ணினார். இரண்டு முறையும் இளையவர்கள்தான் உச்சத்தில் இருந்தார்கள். வயதேறும்போது ஓரளவு குறைந்துகொள்கிறார்கள், அதோடு மொத்தத்தில் மாற்றமும் நகர்கிறது, இரண்டும் சேர்ந்து நடந்திருக்கிறது. ஒரே ஒரு முறை எண்ணியவர் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது.

பழைய புத்தகப் பிரியன்

இழையில் குறுக்கிடுகிறேன். பிரெசேயா, பிராத் என்று எல்லாம் இருந்த இடத்தில் கிடைப்பதைப் படித்ததும் தொமாஸ் நவார்ரோ தொமாஸ் நினைவு வந்தது. ஸ்பானிஷ் உச்சரிப்புக்கு 1918இல் கையேடு எழுதியவர். அவர் இயக்கத்தில் 1931இலிருந்து ஆய்வாளர்கள் ஐபீரியத் தீபகற்பம் முழுக்கக் கிராமம் கிராமமாகப் போய், வயதான நாட்டுப்புறத்தாரை உட்காரவைத்து, காதால் கேட்டதை ஒலிக்குறியீட்டில் குறிப்பேடுகளில் எழுதினார்கள். மொழி வரைபட நூல் போடத் திட்டம். 1936இல் உள்நாட்டுப் போர். நவார்ரோ தொமாஸ் நாடு கடந்து நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார், குறிப்பேடுகளும் கூடப் போயின. 1951இல்தான் அவை ஸ்பெயினுக்குத் திரும்பின. முதல் தொகுதி 1962இல் வந்தது, அதோடு நின்றும் போனது. ‘ஆண்டலூசியப் பேச்சின் எல்லை’ பற்றி அவரும் இரண்டு சக ஆய்வாளர்களும் 1933இலேயே எழுதிவிட்டார்கள். எது எங்கே செசேயோ, எது எங்கே தெதேயோ என்று இன்று நாம் பேசுவதற்கு அடிப்படை அதுதான்.

ஒன்றை மறக்கக் கூடாது. அந்தக் குறிப்பேடுகளில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வெளியூர் போகாத முதிய ஆண்கள். அந்த வரைபடத்தை எடுத்துப் போய் அதே பேச்சை இன்றைய மாலகா இளைஞர்களிடம் தேடினால் கிடைக்காது.

ஒரிஜினல் காஸ்தெயானோ

சரி, காதுக்குப் பயிற்சி வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இன்ஸ்டிட்யூட்டோ செர்வாந்தேஸும் மெக்ஸிகோ தேசியப் பல்கலைக்கழகமும் சாலமான்காவும் புவெனோஸ் ஐரெஸும் சேர்ந்து நடத்தும் ‘சியேலே’ தேர்விலேயே பல ஊர்க் குரல்கள் வருகின்றன. ஆனால் வாய்க்கு? மாணவர் ஒரு வாக்கியத்தில் மாட்ரித் ‘திங்க்’ ஒலி, அடுத்ததில் புவெனோஸ் ஐரெஸ் ‘காஷே’ (தெருவைச் சொல்லும் ‘காய்யே’), அதற்கடுத்ததில் கியூபா ‘லோஹ்’ என்று கலந்து பேசினால் கேட்கச் சகிக்காது. அதில் நான் இறங்கி வரமாட்டேன்.

செவில்லா மருமகள்

அதில் உங்கள் கட்சிதான் நானும். ஒன்றைப் பிடித்துக்கொண்டு பேசட்டும். அது மாட்ரித்தாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்தான் சண்டை. சென்னையில் அமெரிக்க வாடிக்கையாளரோடு பேசப் போகிற பையனுக்கு மெக்ஸிகோ மேட்டுநிலப் பேச்சு போதாதா? ‘ஸ்’ எல்லாம் தங்கும், பல்லிடை ஒலிக்காக நாக்கைக் கடிக்கவும் வேண்டாம்.

‘காஷே’யை மட்டும் கொஞ்சம் வயசு பார்த்து எடுங்கள். புவெனோஸ் ஐரெஸில் தாத்தா பாட்டிகளிடம் அது குரல் அதிரும் ஒலி, பேரப்பிள்ளைகளிடம் கிட்டத்தட்ட முழுக்க ‘ஷ’. 1970களில் எடுத்த ஆய்விலேயே பெண்களும் இளையவர்களும் முன்னால் போய்க்கொண்டிருந்தது தெரிகிறது.

நாகர்கோவில் நண்பன்

வாய்க்கு என்று வந்தால் தமிழ் மாணவருக்குச் சில விஷயங்கள் இலவசம், அதை யாரும் சொல்லவில்லையே. ஸ்பானிஷ் ‘டி’ எழுத்து உயிர்களுக்கு இடையில் மென்மையாகும், ‘லாதோ’ என்பதில் நாக்கு முழுசாக ஒட்டாது. நாம் ‘அது’ என்கிறபோது செய்வது அதுதான். ‘ந்’ வந்த பிறகு அது அழுத்தமாகும், ‘தோந்தே’. நம் ‘பந்து’. ‘லாகோ’வுக்கு நம் ‘பகல்’. ஆங்கிலேயருக்கு இதைப் புரியவைக்க ஆசிரியர்கள் படம் வரைகிறார்கள், நமக்கு எழுத்தைப் பார்த்து ஆங்கிலம் போல வாசிக்காமல் இருந்தால் போதும். ‘த’வை ‘ட’வாக்குவதும் ஆங்கில வழியில் வந்த தொற்றுதான்.

சிக்கல் வேறு இடத்தில். ‘லாதா’ (தகர டப்பா) என்பதில் ‘த’ ஒற்றையாக, ஆனால் குரல் அதிராமல் ஒலிக்க வேண்டும். நம் வாய்க்கு உயிர்களுக்கு நடுவே அதிராத ஒலி என்றால் இரட்டிப்புதான் வரும், ‘லாத்தா’ என்று. வகுப்பில் திருத்த வேண்டியது இது. ‘பெரோ’ (ஆனால்), ‘பெர்ரோ’ (நாய்) வேறுபாட்டில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கவலை இல்லை, ரகரமும் றகரமும் எங்களுக்கு இன்னும் தனித்தனிதான். சென்னைப் பிள்ளைகளை வாத்தியார் பார்த்துக்கொள்ளட்டும்.

வடபழனி வாத்தியார்

‘லாத்தா’ சத்தியமான வார்த்தை, என் வகுப்பில் தினமும் கேட்கிறேன்.

போன வாரப் பயிற்சியைச் செய்து பார்த்தாயிற்று. வாசிப்பை விட்டு, ஒரு கரீபிய நேர்காணலில் இயல்பாகப் பேசும் சிறு துண்டு ஒன்றை எடுத்தேன். முதலில் எழுத்துப் பிரதி இல்லாமல் ‘ஒன்றா, பலவா’ மட்டும் கேட்டேன். ஆண்பால் தொடர்களில் பலரும் பிடித்தார்கள், பெண்பாலில் ஊகம்தான். பிறகு பிரதியைக் கொடுத்து, காதில் விழாத ‘ஸ்’ஸை மட்டும் பென்சிலால் அடிக்கச் சொன்னேன். அப்போதுதான் வேடிக்கை. விழுந்ததும் விழாததும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க, "ஒரே ஆள் ஏன் சார் மாற்றி மாற்றிச் சொல்றார்?" என்று அவர்களே கேட்டார்கள். மெய்க்கு முன் எத்தனை, உயிருக்கு முன் எத்தனை என்று கரும்பலகையில் எண்ணவைத்தேன். அட்டவணை கொடுத்தபோது இப்படி ஒரு கேள்வி வந்ததே இல்லை.

‘அது ஸ்பானிஷே இல்லை’ என்ற பையன் இப்போது டொமினிக்கன் நண்பர்களிடம் ‘ஹப்லார் ஃபிஸ்னோ’ என்று கற்றுக்கொண்டு வந்திருக்கிறான். ‘ஃபீனோ’, அதாவது நாசூக்காகப் பேசுவதாகக் காட்டிக்கொள்ள, ‘ஸ்’ இல்லாத இடத்திலும் ஒன்றைச் செருகுகிறவர்களை அங்கே இப்படிக் கிண்டல் செய்வார்களாம்.

நெல்லைச் சிட்டு

தலைப்பை மாற்றிவிட்டேன். ஒரே கரீபிய நகரம், பெயர்த்தொடர்கள் மட்டும், ஆண்பால் பன்மைக்கும் பெண்பால் பன்மைக்கும் ‘ஸ்’ஸில் வேறுபாடு இருக்கிறதா என்பது கேள்வி. வழிகாட்டி ‘இவ்வளவு சின்னதா?’ என்றார். பிறகு சரி என்றார்.

ஒரு சந்தேகம். மாதிரிக்கு ஒரு கோப்பைக் கேட்டேன். அந்த அம்மா ‘லாஸ் கோசாஸ்’ என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். எல்லாவற்றையும் எண்ணலாமா?

மொழிப்பித்தன்

வேண்டாம். ஒருவரிடம் ஒரே சொல்லுக்கு மூன்று, நான்கு என்று உச்சவரம்பு வைத்துக்கொண்டு மீதியை விடுங்கள், இல்லாவிட்டால் அந்த அம்மாவின் ‘கோசாஸ்’ உங்கள் ஆய்வு முழுவதையும் ஓட்டிக்கொண்டு போய்விடும். எந்த மூன்று என்பதையும் கோப்பின் தொடக்கத்திலிருந்து எடுக்காமல் நடுவிலிருந்து எடுங்கள். பெண்பாலில் ‘லாஸ் சிய்யாஸ்’ மாதிரி ஸகரத்தில் தொடங்கும் சொற்களை நீக்கும்போது ஆண்பாலிலும் அதே விதியில் நீக்கினீர்களா என்று சரிபார்த்துவிட்டு எண்ணிக்கையை இங்கே போடுங்கள், பார்ப்போம்.